மௌனத்தின் தேதி

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் வழக்கு. கல்யாணப் பேச்சிலிருந்து பஞ்சாயத்து வரை இதை வைத்துத்தான் நாம் காரியம் நடத்தி வந்திருக்கிறோம். பேசாதவன் ஒப்புக்கொண்டவன். இந்த வழக்கைத் தலைகீழாக்கிய ஒரு கதையும் ஒரு படமும் உண்டு. பேசாமலிருப்பதே மறுப்பு என்று வெர்கோர் என்ற புனைபெயரில் ஒருவர் 1941-ல் பிரான்ஸில் எழுதினார். ழான்-பியர் மெல்வில் அதை 1947-ல் படமாக எடுத்தார். 1949 ஏப்ரலில் படம் வெளியாயிற்று. இரண்டுக்கும் ஒரே பெயர்: 'கடலின் மௌனம்'. பெயர் ஒன்றே தவிர இந்த இரண்டு மௌனங்களும் ஒன்றல்ல. நடுவில் கிடக்கும் எட்டு வருஷங்களைச் சேர்த்துப் பார்க்காமல் கதையையும் சரி, படத்தையும் சரி, புரிந்துகொள்ள முடியாது என்பது என் கட்சி.

கொடுங்கோன்மையை எதிர்க்கும் படம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தகர்க்கப்படும் பாலம், இருட்டில் ஓடும் கால்கள், சித்திரவதை அறை. மெல்விலின் படத்தில் இவை ஒன்றும் இல்லை. ஒரு கிராமத்து வீடு. ஒரு கிழவர், அவருடைய மருமாள் — சகோதர வழியில் வளர்ப்புப் பெண் போல. கணப்புக்குப் பக்கத்தில் இவர் புகை பிடிக்கிறார், அவள் தைத்துக்கொண்டோ பின்னிக்கொண்டோ இருக்கிறாள். வெர்னர் ஃபோன் எப்ரெனாக் என்ற ஜெர்மன் ராணுவ அதிகாரியை அந்த வீட்டு மாடியில் தங்கவைக்கிறது ஆக்கிரமிப்பு நிர்வாகம். அவன் கொலைகாரனாகத் தெரியவில்லை. இசையமைப்பாளன், மரியாதை தெரிந்தவன், பிரஞ்சு இலக்கியத்தின்மேல் தீராத காதல் கொண்டவன். ஒவ்வொரு இரவும் வந்து நின்று பேசுகிறான், பதில் வராத பேச்சு. இரு தேசங்களும் மணம் முடித்ததுபோல் இணையப்போகின்றன என்று நம்புகிறான். இரவு வணக்கம் சொல்லி மாடியேறுகிறான். மறுநாளும் இதே. அவ்வளவுதான் கதை.

இதில் எங்கே எதிர்ப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1943-லேயே கேட்டுவிட்டார்கள். அதற்குப் போகுமுன் இந்தக் கதை எழுதப்பட்ட விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1

வெர்கோரின் இயற்பெயர் ழான் ப்ருல்லேர். 1902-ல் பிறந்தவர். யுத்தத்துக்கு முன்னால் அவரை எழுத்தாளர் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சித்திரக்காரர், கேலிச் சித்திரங்களும் செதுக்கோவியங்களும் செய்துவந்தவர். 1940 ஜூன் 22-ல் பிரான்ஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. அந்த செப்டம்பரில் பிரஞ்சுப் பதிப்பாளர்கள் ஜெர்மன் நிர்வாகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இன்னின்னவற்றை வெளியிடமாட்டோம் என்று தாங்களே உறுதி சொல்லும் ஒப்பந்தம். அதனோடு 'ஓட்டோ பட்டியல்' என்று பெயர் பெற்ற தடைப் பட்டியல் ஒன்றும் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள். யூத எழுத்தாளர்கள், நாஜி எதிர்ப்பாளர்கள், நாடு விட்டு வெளியேறிய ஜெர்மானியர்கள். கத்தியை வேறொருவன் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பதிப்பாளர்கள் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். பிரான்ஸின் மிக மதிப்பு வாய்ந்த இலக்கியப் பத்திரிகையான 'நூவெல் ரெவ்யூ ஃப்ரான்ஸேஸ்' அந்த டிசம்பரில் த்ரியூ லா ரொஷெலின் ஆசிரியப் பொறுப்பில் மறுபடி வந்தது. நாஜிகளோடு ஒத்துழைப்பதை வெளிப்படையாக ஆதரித்தவர் அவர்.

இந்தச் சூழ்நிலையில் ப்ருல்லேர் எடுத்த முடிவு, ஆக்கிரமிப்பு நீடிக்கும்வரை எதையும் பிரசுரிப்பதில்லை என்பது. பாரிஸுக்குக் கிழக்கே வில்லியே-ஸுர்-மோரேன் என்ற கிராமத்தில் அவருக்கு வீடு இருந்தது. அங்கே தச்சரிடம் கூலிக்கு வேலை செய்தார். இந்த விவரத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். கதையில் வரும் மௌனத்துக்கு முன்னால் ஒரு நிஜ மௌனம் இருந்தது. அதற்கு ஒரு தச்சுக்கூலியின் விலையும் இருந்தது. கதை வெறும் மனோபாவத்திலிருந்து பிறக்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1940-ன் ஜெர்மன் ராணுவம் பிரான்ஸில் காட்டிய முகம் பிற்காலத்தில் நாம் அறிந்த முகம் அல்ல. 'ஒழுங்காக' நடந்துகொள்ளும்படி அவர்களுக்கு உத்தரவு. கைவிடப்பட்ட மக்களே, ஜெர்மன் சிப்பாயை நம்புங்கள் என்ற பொருளில், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் சிப்பாயின் படத்தோடு சுவரொட்டிகள். பஸ்ஸில் கிழவிகளுக்கு இடம் கொடுத்தால் அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அடிப்பவனை வெறுக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். மரியாதையாக நடப்பவனிடம் எப்படி நடந்துகொள்வது? அந்தக் கோடையில் ழான் தெக்ஸியே என்ற சோஷலிஸ்ட் 33 ஆலோசனைகள் கொண்ட துண்டுப் பிரசுரம் ஒன்றை ரகசியமாக உலவவிட்டார். அது சொல்லித்தந்ததெல்லாம் தூரத்தைக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான். குண்டு வைப்பதைப் பற்றி அல்ல. இன்று படிக்கையில் அற்பமாகத் தோன்றலாம். அன்றைய பிரச்னை அதுவாகத்தான் இருந்தது.

ப்ருல்லேர் 1941-ல் கதையை எழுதியபோது அதை 'லா பான்ஸே லீப்ர்' என்ற தலைமறைவுப் பத்திரிகைக்குத்தான் நினைத்திருந்தார். அதை நடத்தியவர்கள் ழார்ஜ் பொலிட்ஸேர், ழாக் சொலொமோன், ழாக் தெகூர். அச்சகத்தை கெஸ்டபோ பிடித்துவிட்டது. பத்திரிகை போயிற்று, கதை மிஞ்சியது. அப்போதுதான் நண்பர் பியர் த லெஸ்க்யூரோடு சேர்ந்து ஒரு பதிப்பகத்தையே தொடங்கினார். பெயர் 'எதிசியோன் த மினுய்' — நள்ளிரவுப் பதிப்பகம்.

அச்சடித்தவர் க்ளோத் ஊத்வில். கல்யாணப் பத்திரிகை, மரண அறிவிப்பு இவற்றை அடித்துக்கொண்டிருந்த சின்ன அச்சுக்காரர். அவருடைய கடை, ஜெர்மானியர்கள் தங்கள் ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே. எழுத்து போதாது, ஒரு தடவைக்கு எட்டுப் பக்கம் கோத்து, அடித்து, பிரித்து, அடுத்த எட்டுப் பக்கம். அடித்த தாள்களைப் பாரிஸின் குறுக்கே சுமந்துபோய் ஒரு சிநேகிதியின் வீட்டில் பெண்கள் கையால் தைத்தார்கள். 1942 பிப்ரவரி 20-ம் தேதி முடிந்தது. 350 பிரதிகள். கைதுகள் காரணமாக உடனே வெளியே விட முடியவில்லை. இலையுதிர் காலத்தில்தான் கைமாறத் தொடங்கியது. வெர்கோர் யார் என்பது அவருடைய மனைவிக்கே விடுதலைக்குப் பிறகுதான் தெரியும் என்பார்கள்.

சிறு பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு 350 என்ற எண்ணிக்கை பரிச்சயமானது. பிடிபட்டால் நமக்குக் கிடைப்பது கடன். அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது வேறு. பொலிட்ஸேரும் சொலொமோனும் 1942 மே 23-ல் சுடப்பட்டார்கள், தெகூர் ஒரு வாரம் கழித்து. ஆகவே இந்த மௌனம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் மௌனம் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

2

கதை பிரான்ஸுக்கு வெளியே போயிற்று. லண்டனில் 1943-ல் மறுபதிப்பு. ஆங்கில விமானங்கள் பிரான்ஸின்மேல் பிரதிகளைப் போட்டன. ஸிரில் கானலி 1944-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தலைப்பை 'ஒதெல்லோ'விலிருந்து எடுத்தார். ஆனால் வெளியே போன உடனேயே சந்தேகமும் கிளம்பிற்று. ஆர்தர் கோஸ்லர் 1943-ல் இதைக் கடுமையாகச் சாடினார். இத்தனை படித்த ஓர் அதிகாரிக்குத் தன் கட்சியின் நோக்கம் தெரியாமலிருக்குமா, இது நம்பும்படியாக இருக்கிறதா என்பது அவர் கேள்வி. சோவியத் எழுத்தாளர் இல்யா எரன்பர்க் இது நாஜிகளே எழுதிவிட்ட கதையோ என்றுகூடச் சந்தேகித்தார். ஜெர்மானியனை மனிதனாகக் காட்டுகிறதே!

ஸார்த்ர் இந்தச் சர்ச்சைக்கு 1947-ல் தந்த விளக்கம் பெயர் பெற்றது. வெளியில் இருந்தவர்களுக்குக் கதை சந்தேகத்துக்குரியதாகப் பட்டது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் இருந்தவர்களுக்கு அதன் நோக்கத்தைப் பற்றி ஐயமே எழவில்லை. ஏனென்றால் அவர்கள் தினமும் தெருவில் பார்த்தது அரக்கர்களை அல்ல, மரியாதைக்காரர்களை. எல்லா ஜெர்மானியனும் ராட்சசன் என்று எழுதியிருந்தால் அது பொய்யென்று அவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும். நல்ல ஜெர்மானியனிடம்கூடப் பேசாதே என்று சொல்வதுதான் அன்று தேவைப்பட்டது. அதே சமயம், 1942-ன் முடிவுக்குள் கதை தன் வலுவை இழந்துவிட்டது என்றும் ஸார்த்ர் சொல்கிறார். ரயில் கவிழ்ப்பு, பணயக் கைதிகளைச் சுடுவது, நாடுகடத்தல் என்று யுத்தம் வெளிப்படையாகிவிட்ட பிறகு பேசுவதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை.

நான் பாங்க் குமாஸ்தா. எனக்கு இது செக் மாதிரி படுகிறது. எழுதிய தொகை சரி, கையெழுத்து சரி, கணக்கில் பணமும் இருக்கிறது. ஆனால் தேதி கடந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் ஆன செக்கைத் திருப்பி அனுப்பவேண்டியதுதான். அதனால் அது கள்ளச் செக் ஆகிவிடாது. கோஸ்லர் 1943-ல் 1941-ம் வருஷத்துச் செக்கைக் கையில் வைத்துக்கொண்டு இது கள்ளம் என்றார். ஸார்த்ர் தேதியைச் சுட்டிக்காட்டினார்.

ஆனால் ஸார்த்ரின் விளக்கத்தோடு நான் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. அவர் படைப்பை அதன் வாசகனோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார். வாழைப்பழத்தைப் பறித்த இடத்திலேயே தின்னவேண்டும் என்பது போன்ற ஒரு வாதம் அது. அப்படியானால் மெல்வில் 1947-ல், தேதி கடந்த இந்தச் செக்கை எடுத்துக்கொண்டு என்ன செய்யப் போனார்?

3

மெல்விலும் புனைபெயர்தான். இயற்பெயர் க்ரும்பாக், யூதர். 'மோபி டிக்' எழுதியவர்மேல் உள்ள பிரியத்தால் யுத்த காலத்தில் வைத்துக்கொண்டது. தலைமறைவு இயக்கத்திலும் பிறகு சுதந்திர பிரஞ்சுப் படையிலும் இருந்தவர். 1943-ல் லண்டனில் இந்தக் கதையைப் படித்து அப்போதே படமெடுக்கத் தீர்மானித்தார். வெர்கோர் சம்மதிக்கவில்லை. எதிர்ப்பு இயக்கத்தின் வேதப் புஸ்தகம் போல ஆகிவிட்ட ஒன்றை, இதுவரை முழுநீளப் படம் ஒன்றுகூட எடுத்திராத ஓர் ஆளிடம் எப்படிக் கொடுப்பது?

மெல்வில் ஒரு நிபந்தனையை முன்வைத்தார். படத்தை முடித்ததும் எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த 24 பேர் கொண்ட ஜூரிக்குக் காட்டுவது; அவர்களில் ஒருவர் மறுத்தாலும் நெகடிவை எரித்துவிடுவது. யுத்தத்துக்குப் பின்னான பிரான்ஸில் ஒத்துழைப்பாளர்கள்மேல் வழக்குகள் நடந்துகொண்டிருந்த காலம். எழுத்தாளர்களும் கூண்டில் நின்றார்கள். ப்ரஸியாக் 1945 பிப்ரவரியில் சுடப்பட்டார். இந்தப் படமும் பிறக்கும் முன்பே கூண்டில் ஏறியது என்று சொல்லலாம். கடைசியில் ஒரே ஒருவர் எதிர்த்து ஓட்டளித்தார். அந்த ஓட்டுக்குப் படம் காரணமில்லை, வேறு மனத்தாங்கல்தான் காரணம் என்று வெர்கோர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மெல்விலிடம் தொழிற்சங்க அட்டை இல்லை. ஆகவே கச்சா ஃபிலிம் முறைப்படி கிடைக்கவில்லை. துண்டு துக்காணியாக வாங்கி, 19 விதமான ஃபிலிமில் எடுத்ததாகப் பின்னாளில் ரூயி நோகேராவுக்கு அளித்த பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1947 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை, பணம் கிடைத்தபோதெல்லாம், மொத்தம் 27 நாள் படப்பிடிப்பு. எந்த ஸ்டுடியோவிலும் அல்ல. வில்லியே-ஸுர்-மோரேனில் வெர்கோருடைய வீட்டிலேயே. காமிராக்காரர் ஆன்ரி தெகேவுக்கு இது முதல் கதைப் படம். பத்து வருஷம் கழித்து ட்ரூஃபோவின் '400 அடிகள்' எடுத்தவர் இவரே. அதிகாரியாக ஹாவர்ட் வெர்னான், கிழவராக ழான்-மாரி ரோபேன், பெண்ணாக நிகோல் ஸ்தெஃபான். வங்கிக் குடும்பமான ரோத்ஸ்சைல்டுகளில் பிறந்த ஸ்தெஃபான் பைரெனீஸ் மலையைக் கடந்து, ஸ்பெயினில் சிறைப்பட்டு, சுதந்திர பிரஞ்சுப் படையில் சேர்ந்தவர். படத்தில் அவருக்கு அநேகமாக வசனமே இல்லை.

எளிமை வறுமையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். பாதி உண்மை. வறுமையில் எடுத்த எத்தனையோ படங்கள் பேசிக் கொல்கின்றன. மெல்விலின் சாதனை, பேசாத இருவரைக் காமிரா முன் உட்காரவைத்துவிட்டு, அந்தப் பேசாமையைக் கேட்கவைத்தது. கடிகாரத்தின் டிக் டிக். கணப்பின் சடசடப்பு. மாடிப்படியில் சற்று விந்தி நடக்கும் கால் ஓசை. அவன் வருமுன்பே அந்த ஓசையை நாமும் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். எதிர்பார்ப்பது ஒருவிதமான உறவு என்பது பெண்ணுக்குத் தெரிகிறது. ஊசி நிற்கிறது, மறுபடி நகர்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கிழவரின் பின்னணிக் குரல். அந்த அறையில் வாய் திறக்காதவர் நம்மிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். அவன் என்ன சொன்னான், இவள் விரல் எப்படி நடுங்கிற்று, நாம் செய்வது மனிதத்தன்மையா என்ற தன் சந்தேகம், எல்லாவற்றையும் சொல்கிறார். ஒருவனிடம் பேச மறுப்பதும் இன்னொருவனிடம் பேசுவதும் ஒரே செயலின் இரு பக்கம். தலைமறைவு இலக்கியத்தின் லக்ஷணமே இதுதானே. அதிகாரத்துக்கு மௌனம், நள்ளிரவில் தைத்த 350 பிரதிகளுக்கு வார்த்தை. கதையில் இலக்கிய உத்தியாக இருந்த இந்தத் தன்மைக் கூற்று, படத்தில் தார்மீக நிலைப்பாடாகவே மாறிவிடுகிறது. ப்ரெஸ்ஸோன் 1951-ல் 'கிராமப் பாதிரியின் டயரி'யில் இதே முறையை எடுத்துக்கொண்டு போனபோது, அவர் தன்னைப் பின்பற்றுகிறார் என்று மெல்வில் சொல்லிக்கொண்டார். கொஞ்சம் கர்வம்தான். ஆனால் ஆதாரமில்லாத கர்வம் அல்ல.

4

மெல்வில் கதையை வரிக்கு வரி பின்பற்றினார் என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு இடங்களில் அப்படி இல்லை. அந்த இரண்டு இடங்களில்தான் படம் இருக்கிறது.

முதலாவது, பாரிஸ் காட்சி. எப்ரெனாக் விடுமுறைக்குப் பாரிஸ் போகிறான். அங்கே நண்பர்கள் அவன் கனவைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். கல்யாணமாவது, பிரான்ஸின் ஆன்மாவையே நசுக்கத்தான் வந்திருக்கிறோம் என்கிறார்கள். கதையில் இவ்வளவுதான், அதுவும் அவன் திரும்பி வந்து சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. மெல்வில் அவனைப் பாரிஸுக்கே கொண்டுபோய்க் காட்டுகிறார். அங்கே ட்ரெப்ளிங்காவின் விஷவாயு அறைகளைப் பற்றிய பேச்சையும் சேர்க்கிறார்.

கதை நடப்பது 1941-ல். ட்ரெப்ளிங்கா அழிப்பு முகாம் இயங்கத் தொடங்கியது 1942 ஜூலையில். சரித்திரப்படி இது காலப்பிழை. பாடப் புஸ்தகக்காரர்கள் சிவப்பு மையால் சுழிக்கலாம். எனக்கு இது பிழையாகப் படவில்லை. 1947-ல் காமிராவைப் பிடித்திருந்த ஒரு யூதன் 1941-ஐ 1941-ஆக மட்டும் பார்த்திருக்க முடியாது. வெர்கோருக்குத் தெரிய வழியில்லாததை இவர் அறிவார். அது தெரிந்த பிறகு மரியாதைக்கார ஜெர்மானியனைக் காட்டுவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு: அவனுக்கும் அதைத் தெரிவித்துவிடுவது. கோஸ்லரின் கேள்வி, இவனுக்கு எப்படித் தெரியாமலிருந்தது என்பது. மெல்வில் கேள்வியையே மாற்றிவிடுகிறார்: தெரிந்த பிறகு இவன் என்ன செய்தான்?

ஒன்றும் செய்யவில்லை. கிழக்குப் போர்முனைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொள்கிறான். நரகத்துக்குப் போகிறேன் என்ற பாவனையில் விடைபெறுகிறான். அழகான, துயரமான முகம். கதையில் இதைப் படிக்கும்போது நாமே ஒரு கணம் அவனுக்காக இரங்கிவிடுகிறோம். தற்கொலைக்கு ஒப்பான தியாகம் போல இருக்கிறது. தியாகமல்ல, கீழ்ப்படிதல். அழிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த பின்னும், அழிக்கிற படையிலேயே, இன்னும் கொடிய முனைக்கு, முறைப்படி மனுச் செய்து போகிறான்.

இங்கேதான் இரண்டாவது மாற்றம். புறப்படும் காலையில் அவன் கண்ணில் படும்படி கிழவர் ஒரு புஸ்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறார். அனத்தோல் ஃப்ரான்ஸின் வாசகம் ஒன்று. குற்றமான உத்தரவுக்குக் கீழ்ப்படியாத சிப்பாயைப் போற்றுவது. அவன் அதைப் படிக்கிறான். கிழவரைப் பார்க்கிறான். போய்விடுகிறான். வெர்கோரின் கதையில் இது கிடையாது. ஒரே ஒரு ஷாட்டில் மெல்வில் கதையின் எடையை இடம் மாற்றிவிட்டார்.

படம் முழுக்க இரண்டு பேர் அமைதியாக இருக்கிறார்கள், ஒருவன் பேசிக்கொண்டே இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் அமைதியாக இருந்தவன் அவன்தான். இலக்கியம், இசை, காதல் என்று நூறு இரவு பேசினான். பேசவேண்டிய இடத்தில் — மேலதிகாரியின் முன்னால் — வாயடைத்துப் போனான். நம் வழக்கு அங்கே சரியாகப் பொருந்துகிறது: அவனுடைய மௌனம் சம்மதம். இவர்களுடையது மறுப்பு. வெளிக்கு இரண்டும் ஒரே மாதிரி கேட்கின்றன. ஆகவே மௌன எதிர்ப்பு என்று சொல்லும்போது மௌனத்தில் எந்த மகத்துவமும் இல்லை. மகத்துவமெல்லாம் மறுப்பில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு, அமைதியான மனசாட்சி என்று உருகுகிறவர்கள் எப்ரெனாக்கின் பக்கம் சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு. அவனுக்கும் மனசாட்சி இருந்தது, அதுவும் மிக அமைதியாக.

கதையில் ஓர் இடம் உண்டு. எப்ரெனாக் 'மாக்பெத்'திலிருந்து, கொடுங்கோலனின் பட்டம் அவனுக்குப் பொருந்தாமல் தொளதொளவென்று தொங்குவதைச் சொல்லும் பகுதியைப் படித்துக் காட்டுகிறான். கேட்கிற எவனுக்கும் ஹிட்லர்தான் ஞாபகம் வருவார். அவன் சொல்லவந்ததோ, விஷி அரசின் அட்மிரல் தார்லானைப் பற்றி! எங்கள் காலேஜில் மூன்று வருஷம் ஷேக்ஸ்பியர் நடத்தினார்கள். இலக்கியம் மனிதனைப் பண்படுத்தும் என்பது அங்கே நாங்கள் சந்தேகிக்காமல் ஏற்றுக்கொண்ட ஒன்று. அந்த நம்பிக்கைக்கு இதைவிடக் குரூரமான பதிலை நான் படித்ததில்லை. கொடுங்கோலனைப் பற்றிய வரிகள் அவனுக்கு மனப்பாடம். கொடுங்கோலனை அடையாளம் தெரியவில்லை.

நிஜ வாழ்க்கையிலும் இப்படி ஆள் உண்டு. ஆக்கிரமிப்புப் பாரிஸில் இலக்கியத் தணிக்கையைக் கவனித்த லெஃப்டினன்ட் கெர்ஹார்ட் ஹெல்லர் பிரஞ்சு இலக்கியத்தில் தோய்ந்தவர்; எழுத்தாளர்களோடு பழகியவர்; சிலருக்கு உதவியவர். 1981-ல் நினைவுக் குறிப்புகளும் எழுதினார். நல்லவராகவே இருந்திருக்கலாம். அவருடைய நல்ல தனம் அந்த இயந்திரத்துக்கு எண்ணெயாக உதவியது என்பதும் உண்மை. அவருக்கு எதிர்ப்புறம் ழாக் தெகூரை நிறுத்திப் பார்க்கவேண்டும். தெகூர் பாரிஸில் ஜெர்மன் மொழி ஆசிரியர். ஜெர்மன் இலக்கியத்தின்மேல் காதல் கொண்டவர். 1942 மே 30-ல் மோன்-வலேரியேன் கோட்டையில் ஜெர்மானியர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 32. பிரான்ஸை நேசித்த ஜெர்மானியன் கீழ்ப்படிந்தான். ஜெர்மனியை நேசித்த பிரஞ்சுக்காரன் மறுத்தான். கலாசாரம் இருவரிடமும் சமமாக இருந்தது. தராசைச் சாய்த்தது அது அல்ல.

5

மெல்வில் சேர்த்த அந்த வாசகம் யாருக்காக? 1949-ல் ஜெர்மன் சிப்பாய்க்கு அதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. யுத்தம் முடிந்து நான்கு வருஷம். ஆனால் அந்த வருஷம் பிரஞ்சுச் சிப்பாய்கள் இந்தோசீனாவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மடகாஸ்கரில் 1947-ல் எழுந்த கிளர்ச்சியை அவர்கள்தான் அடக்கினார்கள். மெல்வில் இதை நினைத்துத்தான் வைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் அந்த வகை அரசியல்காரர் அல்ல. ஆனால் படைப்பில் ஒரு வாக்கியம் நுழைந்துவிட்டால் அது தனக்குப் பிடித்த முகவரிக்குப் போய்ச் சேரும்.

போய்ச் சேர்ந்தது. அல்ஜீரிய யுத்தத்தில் பிரஞ்சு ராணுவம் கைதிகளைச் சித்திரவதை செய்தபோது, வெர்கோர் 1957-ல் தமக்கு அளிக்கப்பட்டிருந்த லெழியோன் தொனேர் விருதைத் திருப்பிக் கொடுத்தார். 1958-ல், ஆன்ரி அலெக் தான் பட்ட சித்திரவதையைப் பற்றி எழுதிய 'கேள்வி' என்ற புஸ்தகத்தை வெளியிட்டது அதே நள்ளிரவுப் பதிப்பகம். அப்போது அதை ழெரோம் லேந்தோன் நடத்திவந்தார். வெர்கோர் 1948-லேயே விலகியிருந்தார். அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்தது. இம்முறை பறித்தது ஜெர்மானியர்கள் அல்ல. 1960-ல், அல்ஜீரிய யுத்தத்தில் சிப்பாய்கள் கீழ்ப்படிய மறுப்பதற்கு உரிமை உண்டு என்று 121 பேர் அறிக்கை விட்டார்கள். கையெழுத்திட்டவர்களில் வெர்கோரும் ஒருவர். தன் கதையில் தான் எழுதாத, மெல்வில் சேர்த்த அந்த முடிவுக்கு, பதினோரு வருஷம் கழித்துத் தன் கையால் கையெழுத்துப் போட்டார் என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே ஸார்த்ர் சொன்னதில் ஒரு திருத்தம். செக் காலாவதியாகிறது என்பது வாஸ்தவம். ஆனால் புதுத் தேதி போட்டு, எழுதியவனே மறுபடி கையெழுத்திட்டால் அது மறுபடி செல்லும். மெல்வில் தேதியை மாற்றினார். வெர்கோர் பக்கத்தில் கையெழுத்திட்டார். முதல் தடவை பணம் கேட்டது ஜெர்மனியிடம், இரண்டாவது தடவை தன் சொந்த தேசத்திடம். தன் தேசத்திடம் கேட்பதுதான் கஷ்டம். பக்கத்து வீட்டுக்காரன் அயல் ஆட்சியை எதிர்க்கும்போது கைதட்டுவான். சொந்த ஆட்சியை எதிர்க்கும்போது கதவைச் சாத்திக்கொள்வான்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவனுக்கு ஒரு வாக்கியம் சீக்கிரமே பழகிவிடுகிறது: எனக்கு ஒன்றும் இல்லை, மேலிடத்து உத்தரவு. மரியாதையாக, சிரித்த முகத்தோடு அதைச் சொல்ல நாங்கள் எல்லோரும் கற்றிருக்கிறோம். எங்கள் உத்தரவுகள் வட்டி விகிதத்தையும் படிவத்தையும் பற்றியவை. உயிரைப் பற்றியவை அல்ல. ஆனால் வாக்கியம் அதேதான். அதன் இலக்கணம் உத்தரவின் கனத்தைப் பார்த்து மாறுவதில்லை. கம்ப்யூட்டர் திரையில் இந்தப் படத்தைப் பார்த்தபோது என்னைத் தொந்தரவு செய்தது கிழவரும் பெண்ணும் அல்ல. அவர்களைப் போல நான் இருப்பேனா என்ற கேள்வி சுலபமானது. இருப்பேன் என்று சொல்லிக்கொண்டு தூங்கப் போய்விடலாம். புஸ்தகத்தைப் படித்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வாசலில் காத்திருக்கும் காருக்குப் போகிறவனைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

கதையிலும் படத்திலும் அந்தப் பெண் கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். விடை கொடுக்கும் வார்த்தை. காதல் என்கிறார்கள் சிலர், மன்னிப்பு என்கிறார்கள் சிலர். இருக்கலாம். நான் அதைத் தீர்ப்பாகக் கேட்கிறேன். இத்தனை நாள் அவனோடு பேசாததற்குக் காரணம், அவன் இன்னும் ஏதாவது செய்யக்கூடும் என்பது. அவன் கீழ்ப்படிந்துவிட்டான். இனி அவனிடம் மௌனம் காப்பதற்கு அவசியமில்லை.